வலது காது

ஆசாரி இன்னும் வரவில்லை. வேறொரு வீட்டுக் காதுகுத்தை முடித்துவிட்டு வந்துகொண்டே இருக்கிறாராம், ரவீந்திரன் போனைக் காதில் வைத்தபடியே மனைவியிடம் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனான். வந்துகொண்டே இருக்கிறார் என்றால் அங்கே இன்னும் பந்தியில்கூட உட்காரவில்லை என்று அர்த்தம். சுகந்திக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. வராமலே போனாலும் பரவாயில்லை, வண்டி பஞ்சராகட்டும், மழை பிடித்துக்கொள்ளட்டும், மதுரைச் சித்திரை வெயிலில் மழைக்கு எங்கே போவது. மடியில் மகிழினி, ஐந்து வயது, காலையில்தான் கோயிலில் மொட்டை போட்டு, தலை முழுக்கச் சந்தனம் அப்பி, மண்டபத்துக்குக் கூட்டி வந்திருந்தார்கள். சந்தனம் காய்ந்து லேசாக விரிசல் விட ஆரம்பித்திருந்தது. எதிரே மேடையில் அண்ணன் தவசி பட்டு வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தாயிற்று. ஆசாரி இல்லை, பிள்ளை இல்லை, மடி மட்டும் தயார். அவனுக்குப் பின்னால் அவனுடைய ஆளுயரப் படம் போட்ட ஃப்ளெக்ஸ், அவனுடைய டயர்க் கடைப் பையன்கள் அடித்தது, தாய்மாமன் மடியில் தங்க மகள் என்று எழுதி, அதிலும் அவன் கும்பிட்டுக்கொண்டு சிரிக்கிறான். இந்த மண்டபத்தில் இரண்டு தவசி. ஒன்றையே தாங்க முடியாதவளுக்கு இரண்டு. அவன் தொடையைத் தட்டி, வாடி தங்கம் மாமன் மடிக்கு என்று கூப்பிட்டான். மகிழினி எழப் பார்த்தாள். ஆசாரி வரட்டும்ணே என்று சொல்லி சுகந்தி பிள்ளையின் இடுப்பை இறுக்கிக்கொண்டாள், கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டாள்.

வரிசையின் இடது ஓரத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். எங்கே போனாலும் அந்த ஓரம்தான், பஸ்ஸில், கல்யாண வீட்டில், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்து மீட்டிங்கில். அப்போதுதான் எல்லோரும் வலப் பக்கம் வருவார்கள். இடது காது கேட்காது. எட்டு வயதில் போனது. சின்னப் பிள்ளையில் ஊக்கை விட்டுக் குடைந்துகொண்டாள் என்பது குடும்பத்தின் கதை, அம்மா டாக்டரிடம் சொன்னது, அப்புறம் பெண் பார்க்க வந்தவர்களிடம் பக்குவமாகச் சொன்னது, ரவீந்திரனுக்கும் அதுதான் தெரியும், அவனும் கோபம் வந்தால் ஊக்குக்காரி என்பான். சொல்லிச் சொல்லி அந்த ஊக்கு அவளுக்கே கண்ணில் தெரியும், பித்தளை ஊக்கு, அம்மாவின் தாலிச் சரட்டில் தொங்கியது. இல்லாத ஊக்கு. இப்போது அம்மா இடப் பக்கத்தில் வந்து நின்று என்னவோ கேட்டிருக்கிறாள், பதில் வராததால் தோளில் இடித்தாள். ஒத்தக் காதுக்காரியைப் பெற்று முப்பத்தாறு வருஷம் ஆகிறது, இன்னும் இடப் பக்கம் நின்றுதான் பேசுவாள். உங்க அண்ணனுக்குக் காப்பி குடுத்தியா, சக்கரை போடாமக் குடு என்பதுதான் விஷயம். உங்க அண்ணன். அம்மாவுக்கு உலகத்தில் மீதி எல்லோரும் தாமாகக் காப்பி குடித்துக்கொள்வார்கள்.

வாசலில் கடைப் பையன்கள் மிச்சமிருந்த சரத்தைக் கொளுத்தினார்கள். ஒரு பக்கம் மட்டும் வெடித்தது, அவளுக்கு எப்போதும் தீபாவளி ஒரு பக்கம்தான். பட்டாசு. அப்படித்தான் பேர் வைத்திருந்தான் தவசி. அப்பாவுக்குப் பஞ்சு மில்லில் ஷிப்டு, அம்மாவுக்கு அப்பளக் கம்பெனி, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சாவி தவசியின் கழுத்தில். அவனுக்குப் பதிமூன்று. தவமிருந்து பெற்றதால் தவசி, அவள் சும்மா இருந்தபோது வந்தவள். கோர்ட்டு விளையாடலாமா என்பான். அவன் ஜட்ஜு, அவள் கைதி, வேறு ஆளே கிடையாது. என்ன தப்புச் செய்தாள் என்பதை அவளேதான் சொல்ல வேண்டும், சொல்லத் தெரியாவிட்டால் அது இன்னொரு தப்பு. முட்டி போடுவது சின்னத் தீர்ப்பு. மூச்சை அடக்கித் தண்ணீர்த் தொட்டியில் முகம் வைப்பது நடுத் தீர்ப்பு. பெரிய தீர்ப்பு என்றால், பட்டாசு போடவா என்று கேட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் குழித்து, இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் அறைவான். வலிக்கு முன்னால் ஒரு வெள்ளை வரும், வெளிச்சம்கூட இல்லை, வெறும் வெள்ளை. அதற்கப்புறம் அவனே தண்ணீர் கொடுப்பான், கமர்கட்டுக் கொடுப்பான், தலையைத் தடவி பாப்பா பாப்பா என்பான். அதுதான் குழப்பியது. அடித்த கையும் கமர்கட்டுக் கையும் ஒரே கை. இப்போதும் தீபாவளிக்குக் கைநிறைய இனிப்போடு வருவான், அவள் வாங்கி வைப்பாள், ஒன்றுகூட வாயில் போட்டதில்லை.

சொல்லாமல் இருந்தாளா என்றால் சொன்னாள். ஆரம்பத்தில் சொன்னாள். அப்பா மில் பெல்ட்டைக் கழற்றி அவன் முதுகில் உரித்தெடுத்தார், அம்மா குறுக்கே விழுந்து, அண்ணன் தங்கச்சின்னா அடிச்சுக்கத்தான் செய்யும், இதுக்குப் போயி ஆம்பளப் பிள்ளையக் கொல்லுறீங்களே என்று அழுதாள். அந்த ராத்திரி வீடே நியாயம் வழங்கிவிட்ட திருப்தியில் தூங்கியது. மறுநாள் மத்தியானம் சாவி மறுபடி அவன் கழுத்தில்தான் தொங்கியது. முதுகுத் தழும்பைக் காட்டி, இதுக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு என்று சொல்லிச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தான். அதோடு சொல்வதை விட்டாள். கடைசியாக ஒரு தடவை, ஆஸ்பத்திரி வராந்தாவில், பஞ்சு வைத்துக் கட்டிய காதோடு அவள் பெஞ்சில் இருக்க, அப்பா குனிந்து கேட்டார், யாரு பண்ணினது, அண்ணனா. அவள் வாயைத் திறக்குமுன் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவன் தூரத்தில் தூணோரம் நின்றான், முறைக்கக்கூட இல்லை, சும்மா பார்த்தான். ஊக்குப்பா என்றாள். அப்பாவுக்கு மில்லுக்கு நேரமாகியிருந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டிருந்தால், தனியாகக் கூட்டிப்போய், டீக்கடையில் உட்கார்த்தி, இன்னொரு தடவை. எத்தனை வருஷமாக அந்த இன்னொரு தடவையைத் தானே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள், அப்பாவும் போய்ச் சேர்ந்தாயிற்று.

மகிழினியின் காது எவ்வளவு சின்னது. வெயில் பட்டால் ரத்தம் ஓடுவது தெரியும். முதல் வயதில் குத்தியிருக்க வேண்டும், காய்ச்சல் என்றாள். மூன்றாம் வயதில் யாரோ தூரத்துப் பங்காளி செத்ததை வைத்துத் தீட்டு என்றாள், அவரை அவள் பார்த்தது கூடக் கிடையாது, புண்ணியவான். ஐந்தாம் வயதை விட்டால் ஏழு, பொம்பளப் பிள்ளைய மூளிக் காதாவே வளக்கப் போறாளா உம் பொண்டாட்டி என்று மாமியார் மகனைக் கேட்டுவிட்டார், தேதி குறித்துவிட்டார்கள். தாய்மாமன் இல்லாமல் குத்திவிடலாம், நகைக்கடையிலேயே துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துக் குத்துகிறார்கள் என்று அவள் சொன்னபோது, கூடப் பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது ஏம்மா அப்படி என்று அவரே கேட்டார். ஏன் என்று எப்படிச் சொல்வது. அவன் அடிக்கமாட்டான். அது அவளுக்குத் தெரியும். சர்க்கரை வியாதிக்காரன், கோயிலில் கிடா வெட்டினால் எழுந்து வெளியே போய்விடுகிறவன், அவளைக் கட்டிக்கொடுத்த அன்று மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் தேம்பி அழுதவன். ஒரு தடவை நெஞ்சுவலி என்று அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, இப்போது கேட்டுவிட வேண்டும் என்று கட்டிலருகில் போய் நின்றாள், அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயசுல எவ்வளவு சந்தோஷமா இருந்தோம்ல பாப்பா என்றான். மறந்துவிட்டிருக்கிறான். செய்தவன் மறந்துவிட்டான், பட்டவள் அவனுக்கும் சேர்த்து ஞாபகம் வைத்திருக்கிறாள். ஆனால் ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை தலையை ஆட்டாமல் இருக்கத் தாய்மாமன் என்ன செய்வான், இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு பக்கமும் பிடிப்பான். உள்ளங்கையைக் குழிப்பான். அந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனசு ஒவ்வொரு தடவையும் திரும்பி ஓடிவந்தது, முதலிலிருந்து ஆரம்பித்தது, ஆசாரி இன்னும் வரவில்லை.

காலையில் மொட்டை போட்டவர் சொன்னது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. பாதி சிரைத்தபோது கத்தியை நிறுத்தி, பாப்பாவுக்குத் தலையில அங்கங்க வடுவா இருக்கேம்மா, எங்கயும் விழுந்துச்சா என்றார். அவள் குனிந்து பார்த்தாள். பிறை பிறையாக, நகம் பதிந்த மாதிரி, சிலது வெளுத்துப்போனது, சிலது இன்னும் சிவப்பு, எல்லாம் முடிக்குள் இருந்த இடம், வெளியே ஒன்றுகூட இல்லை. கட்டில்ல இருந்து விழுந்தா அங்கிள் என்று பின்னாலிருந்து மகன் நித்திலன் சொன்னான். அவள் வாயைத் திறக்குமுன் சொல்லிவிட்டான். பத்து வயதுதான், எவ்வளவு தெளிவு. விழுந்திருப்பாள். கட்டில் விளிம்பு அப்படிப் பிறையாகவா பதியும், ஏன் பதியாது, பதியும். பேனும் இருந்தது, சொறிந்திருப்பாள். சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே பூசச் சொன்னாள், குளிர்ச்சிக்கு. நித்திலன் இதோ வலப் பக்கத்து நாற்காலியில், சட்டை கசங்காமல், யார் வந்தாலும் வாங்க வாங்க என்று சொல்லிக்கொண்டு. தங்கச்சிக்கு ஃபேன் காற்று படும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டவன் அவன்தான், மாமியார் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். தங்கமான பிள்ளை. அவள் மருந்துக்கடையில் பில் போட்டுவிட்டு ஏழு மணிக்கு வீடு வருகிறவரைக்கும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான், பால் காய்ச்சிக் கொடுக்கிறான், வீட்டுப்பாடம் எழுத வைக்கிறான். நான் வர்ற வரைக்கும் அண்ணன்தான் அம்மா, அண்ணன் சொன்னாக் கேக்கணும் என்று மகிழினியிடம் தினமும் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறாள். போன மாசம் ஒருநாள் சீக்கிரம் வந்தபோது தலையணையைத் தங்கச்சி முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான், விளையாட்டும்மா என்றான். விளக்குமாற்றால் விளாசிவிட்டாள். அவன் அழவில்லை. அடி வாங்கியபடியே அவளைத் தாண்டி மகிழினியைப் பார்த்தான். அதற்கப்புறம் மகிழினி மறுபடி படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள், ராத்திரி தண்ணீர் குடிக்காதே என்று சொன்னால் சரியாகிவிடும், ஜூரம் வந்து போன பிள்ளை, அண்ணன் தங்கச்சின்னா அடிச்சுக்கத்தான் செய்யும். இதை யார் சொன்னது. அம்மாவின் குரல், ஆனால் அம்மா பந்திப் பக்கம் போய்விட்டிருந்தாள். சுகந்தி சட்டென்று தவசியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பயப்பட வேண்டியது அங்கே, மேடையில், பட்டு வேட்டியில் உட்கார்ந்திருக்கிறது. அவள் இருபத்தெட்டு வருஷமாகக் கண்ணெடுக்காமல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆசாரி வந்துவிட்டார். பையை வைத்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, நேரமாச்சு தூக்குங்க தூக்குங்க என்று தான்தான் காத்திருந்த மாதிரி அவசரப்படுத்தினார். மாமியார் வந்து மகிழினியை மடியிலிருந்து தூக்கினார், சுகந்தியின் கை ஒரு கணம் விடவில்லை, அப்புறம் விட்டது. தவசி பிள்ளையை வாங்கி மடியில் வைத்தான். வெற்றிலை, பழம், கருப்பட்டித் துண்டு ஒன்று வாயில். ஆசாரி பேனாவால் புள்ளி வைத்தார். தலையை ஆட்டாமப் பிடிங்க மாப்ளே. தவசி கையைத் தூக்கினான், இரண்டு உள்ளங்கையும் மேலே வந்தன, சுகந்திக்கு இடது காதுக்குள், இருபத்தெட்டு வருஷமாக ஒன்றுமில்லாத அந்தக் குழிக்குள், வெள்ளை வந்தது. ஆனால் கைகள் காதுக்குப் போகவில்லை. ஒன்றை நெற்றியிலும் ஒன்றைத் தாடையிலும் வைத்துப் பிடித்தான், தொட்டும் தொடாமல். ஊசி இறங்கியது, மகிழினி வீறிட்டாள். ஒரு காது முடிந்தது. இன்னொரு காதைக் காட்டமாட்டேன் என்று திமிறினாள், காலை உதைத்தாள், கருப்பட்டியைத் துப்பினாள், கூட்டம் சிரித்தது, அப்பன் ஆத்தா என்று ஆளாளுக்குக் கொஞ்சினார்கள், அவள் இன்னும் உரக்கக் கத்தினாள். நல்லா அழு, கத்து, என்று சுகந்தி தன்னையறியாமல் முணுமுணுத்தாள்.

அப்போது நித்திலன் எழுந்து மேடைக்குப் போனான். தங்கச்சி பக்கத்தில் குனிந்து, காதோரம் என்னவோ சொன்னான். ஒரு நொடி. மகிழினியின் அழுகை நின்றது. குறைந்து நிற்கவில்லை, விம்மி அடங்கவில்லை, வெட்டின மாதிரி நின்றது. கண் திறந்தபடி இருக்க, கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருக்க, சத்தமே இல்லாமல், இன்னொரு காதைத் தானாகத் திருப்பிக் காட்டினாள். ஊசி இறங்கியபோது உதடு மட்டும் உள்ளே போனது. பாத்தியாப்பா, அண்ணன் சொன்னதும் எப்படி அடங்கிட்டா, இதுதான் கூடப் பிறந்த பாசம் என்று யாரோ சொல்ல, மாமியார் மறுபடி நெட்டி முறித்தார். சுகந்திக்கு அந்த மௌனம் தெரியும். அதன் ருசி தெரியும், வாய்க்குள் இரும்பு மாதிரி இருக்கும். எழுந்தது எப்போது, மேடைக்கு வந்தது எப்போது என்று தெரியவில்லை, பிள்ளையின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். அண்ணன் என்ன சொன்னான் பாப்பா. மகிழினி பதில் சொல்லுமுன் நித்திலனின் முகத்தைப் பார்த்தாள். அவன் முறைக்கவில்லை. சும்மா பார்த்தான். சும்மாதாம்மா என்றாள் மகிழினி.

அவள் கை எழுந்துவிட்டது, நித்திலனின் கன்னத்தை நோக்கி. அதை யாரோ பாதியில் பிடித்தார்கள். தவசி. பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு, வேட்டி தடுக்க எழுந்து, அவளைச் சுற்றிக்கொண்டு வலப் பக்கம் வந்து நின்றான். எல்லோரும் மறந்துபோய் இடப் பக்கம் நின்று பேசுவார்கள், பெற்றவள், கட்டியவன், எல்லோரும். இவன் ஒருத்தன் ஒரு தடவைகூட இடப் பக்கம் நின்று பேசியதில்லை, கல்யாணத்தில், அப்பா செத்த வீட்டில், வலப் பக்கம் வந்துதான் பேசியிருக்கிறான், அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, கையை நீட்டி வலது காது தன் பக்கம் வரும்படி அவளை இழுத்துவிட்டுத்தான். அவள் அதைக் கவனித்ததே இல்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, வலது காதில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"அவன் முன்னாடி கேக்காத பாப்பா. சொல்ல மாட்டா. தனியாக் கூட்டிட்டுப் போ. அவன அடிக்காத. அடிச்சா நாளைக்கு அவளுக்குத்தான்."

மறக்கவில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், அவன் பார்க்கவில்லை, நித்திலனின் தோளைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்த்தி, தானும் உட்கார்ந்துவிட்டான், திட்டவும் இல்லை தட்டிக்கொடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. இவ்வளவு வருஷம் கழித்து வந்த மன்னிப்பை வாங்கி வைத்துக்கொள்ள அவளுக்கு எங்கேயும் இடம் இருக்கவில்லை, அவனுக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியாமல் போனது என்பதுதான் நெஞ்சு முழுக்க இருந்தது. வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, சாவியையும் கொடுத்துவிட்டு, வேறெங்கேயோ காவல் காத்திருக்கிறாள்.

மண்டபத்துக்குப் பின்னால் கை கழுவுகிற குழாய்கள். யாரும் இல்லை. சிமென்டுத் திண்டில் மகிழினியை உட்கார்த்தினாள், முகத்தைத் துடைத்துவிட்டாள். உள்ளே போட்டோ எடுக்க அம்மா கூப்பிடுவது கேட்டது. அண்ணன் என்ன சொன்னான் சாமி, என்று இன்னொரு தடவை கேட்டாள். மகிழினி கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொன்னா நீ செத்துருவியாம்மா?"

"மாட்டேன்."

பிள்ளை அதை யோசித்தது. அப்புறம் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இடது காதில் வாயை வைத்தது. சூடான மூச்சு பட்டது, உதடு அசைவது தெரிந்தது, கருப்பட்டி வாசனை தெரிந்தது, ஒரு சொல் கேட்கவில்லை. அசைந்தால் நிறுத்திவிடுவாளோ என்று சுகந்தி ஒரு கணம் அப்படியே இருந்தாள். பிறகு, அந்தக் காது அம்மாவுக்குக் கேக்காதுடா, இந்தப் பக்கம் சொல்லு என்றாள். மகிழினி விலகி அந்தக் காதைப் பார்த்தாள், தோடு போட்ட, பார்வைக்கு ஒரு குறையுமில்லாத காதை. ஏன் கேக்காது என்றாள். ஊக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"மாமா அடிச்சாரு. சின்னதுல. நான் யாருகிட்டயும் சொல்லல."

மகிழினி அந்தத் தோட்டை விரலால் தொட்டாள். பிறகு இந்தப் பக்கம் வந்தாள். காய்ந்த சந்தனம் கன்னத்தில் உதிர்ந்தது, வலது காதில் முதலில் மூச்சு வந்தது, அப்புறம் சொல் வந்தது, சின்னச் சின்னச் சொல்லாக, கட்டில், தலையணை, குளியலறைத் தாழ்ப்பாள் என்று ஒன்றன்பின் ஒன்றாக. உள்ளே மறுபடி போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். சுகந்தி பிள்ளையின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அது சீக்கிரம் முடிகிற மாதிரி இல்லை.